எல்லோருக்கும் மருத்துவம்: ஹாரி ட்ரூமன் வென்ற தேர்தலும் தோற்ற திட்டமும்

எல்லோருக்கும் மருத்துவம் தருவேன் என்று ஒரு தலைவர் வாக்களிக்கும்போது, அந்த எல்லோரில் நாமும் இருக்கிறோமா என்று கேட்டுப் பார்ப்பது ஒடுக்கப்பட்ட மக்கள் பட்டறிவால் கற்ற பாடம். பொதுக் கிணறு, பொதுப் பாதை, பொதுச் சுடுகாடு என்று அழைக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே தலைமுறைகளாக நிறுத்தப்பட்டவர்கள் நாம். அமெரிக்கக் கறுப்பின மக்களும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்கள் அதைக் கூர்மையாக எழுப்பிய காலத்தில் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகவும், 1948 தேர்தலின் வேட்பாளராகவும் இருந்தவர் ஹாரி எஸ். ட்ரூமன்.

ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீசப்பட்டது இவருடைய ஆட்சியில்தான். அந்தப் பழியிலிருந்து அவரை விடுவிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாடு முழுமைக்குமான மருத்துவக் காப்பீட்டைச் சட்டமாக்குமாறு நாடாளுமன்றத்திடம் முறைப்படி கோரிய முதல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரும் அவர்தான். அந்தக் கோரிக்கை ஏன் தோற்றது, அதில் நிறவெறியின் பங்கு என்ன, பின்னாளில் மருத்துவமனைக் கதவுகள் எதனால் திறந்தன என்பவற்றை அவருடைய வாழ்வின் ஊடாகப் பார்ப்போம்.

அடிமைகளை வைத்திருந்த குடும்பம்

1884 மே 8 அன்று மிசௌரி மாநிலத்தின் லமார் என்னும் சிற்றூரில் ட்ரூமன் பிறந்தார். இண்டிபென்டன்ஸ் நகரில் வளர்ந்தார். அடிமைமுறை நிலவிய மாநிலம் அது. தந்தைவழியிலும் தாய்வழியிலும் அவருடைய தாத்தா, பாட்டியர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலங்களின் மீதான பற்று அவருடைய தாயிடம் கடைசிவரை இருந்தது. அந்த வீட்டில் வளர்ந்த இளைஞர் கறுப்பின மக்களை இழிசொற்களால் குறித்துக் கடிதங்கள் எழுதினார். தனிப்பேச்சில் அந்தப் பழக்கம் அவரை முழுவதுமாக விட்டு நீங்கவுமில்லை.

பத்து வயதளவில் தொண்டை அடைப்பான் நோய் தாக்கி, கைகால்கள் செயலிழந்து மாதக்கணக்கில் கிடந்து மீண்டார். தந்தை தானிய ஊக வணிகத்தில் பணத்தை இழந்ததால் பட்டப்படிப்பு வாய்க்கவில்லை. வங்கியில் எழுத்தராகவும், பண்ணையில் உழவராகவும், முதல் உலகப் போரில் பீரங்கிப் படைப்பிரிவொன்றின் தலைவராகவும் இருந்தார். போருக்குப் பின் நண்பருடன் சேர்ந்து கான்சஸ் சிட்டியில் தொடங்கிய ஆண்கள் உடைக்கடை 1922இல் மூடப்பட்டது. அந்தக் கடனை அடைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

அரசியலுக்கு அவரை அழைத்து வந்தது டாம் பென்டர்காஸ்ட் என்பவரின் கட்சி அமைப்பு. ஊழலுக்குப் பேர்போன அமைப்பு அது. அதன் ஆதரவுடன் 1922இல் ஜாக்சன் கவுண்டியின் நீதிபதியானார். பெயர்தான் நீதிபதி, சாலை, கட்டடம், வரவு செலவு ஆகியவற்றைக் கவனிக்கும் நிர்வாகப் பதவி அது. 1934இல் செனட் உறுப்பினரானார். 1940இல் மீண்டும் போட்டியிட்டபோது, கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலில் சுமார் 8,000 வாக்குகள் வேறுபாட்டிலேயே பிழைத்தார். அந்த வெற்றியில் மிசௌரியின் கறுப்பின வாக்காளர்களுக்குப் பங்கு உண்டு.

தென்கோடி மாநிலங்களில் வாக்குவரி, எழுத்தறிவுத் தேர்வு, வன்முறை ஆகியவற்றால் கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்தது. மிசௌரியிலோ அவர்கள் வாக்களித்தார்கள். அவர்களிடம் வாக்குக் கேட்டுச் செல்லவேண்டிய கட்டாயம் ட்ரூமனுக்கு இருந்தது. அவருடைய பிற்கால மாற்றத்தை வெறும் மனமாற்றமாகக் காண்போர் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

ஐந்து கோரிக்கைகளில் ஒன்று

1945 ஏப்ரல் 12 அன்று ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மறைந்ததும், துணைத் தலைவராக இருந்த ட்ரூமன் பொறுப்பேற்றார். அதே ஆண்டு நவம்பர் 19 அன்று மக்கள் நலவாழ்வு பற்றிய செய்தியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். படைக்கு ஆளெடுத்தபோது சோதிக்கப்பட்ட ஆண்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர், அதாவது 50 இலட்சம் பேரளவில், உடல்தகுதியோ மனத்தகுதியோ இல்லையென்று விலக்கப்பட்டதை அது சுட்டிக்காட்டியது. சுமார் 1,200 கவுண்டிகளில் மருத்துவமனையே இல்லை, அல்லது இருப்பது குறைந்தபட்சத் தரத்தையும் எட்டவில்லை என்றும் கூறியது.

அவர் ஐந்து கோரிக்கைகளை வைத்தார். மருத்துவமனைகள் கட்டுதல், பொதுச் சுகாதாரத்தையும் தாய் சேய் நலத்தையும் விரிவாக்குதல், மருத்துவக் கல்விக்கும் ஆய்வுக்கும் நிதி அளித்தல், நாடளாவிய மருத்துவக் காப்பீடு, நோயுற்ற காலத்து ஊதிய இழப்புக்கு ஈடு என்பவை அவை. மருத்துவர் அரசு ஊழியராக ஆகமாட்டார். நோயாளி தமக்கு வேண்டிய மருத்துவரைத் தேர்ந்துகொள்ளலாம். செலவை மட்டும் காப்பீட்டு நிதி ஏற்கும் என்பது திட்டம்.

இதில் ஒரு வரி நம் கவனத்துக்கு உரியது. பண்ணைக் கூலிகளும் வீட்டுவேலை செய்வோரும் காப்பீட்டில் சேர்க்கப்படுவார்கள் என்று ட்ரூமன் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருந்தார். 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் முதியோர் ஓய்வூதியத்திலிருந்து விலக்கப்பட்டவர்கள் இந்த இரு பிரிவினர்தாம். தென்மாநிலக் கறுப்பின உழைப்பாளர்களில் பெரும்பகுதியினர் இவ்விரு தொழில்களில் இருந்ததால், நிறத்தின் பெயரைச் சொல்லாமலே அவர்களை அச்சட்டம் வெளியே நிறுத்தியது. ட்ரூமனின் திட்டம் அந்தக் கதவைத் திறக்க முயன்றது.

நாடாளுமன்றம் ஐந்தில் முதலாவதை எளிதாக ஏற்றுக்கொண்டது. 1946 ஆகஸ்டில் ட்ரூமன் கையெழுத்திட்ட ஹில்-பர்ட்டன் சட்டம், மருத்துவமனைகள் கட்ட ஒன்றிய அரசின் நிதியை மாநிலங்களுக்கு வழங்கியது. ஹில் என்பவர் அலபாமாவின் செனட் உறுப்பினர். பாகுபாடு கூடாது என்று சட்டம் சொன்னது. ஆனால் தனித்தனி மக்கட்பிரிவினருக்குத் தரத்தில் ஒத்த தனித்தனி வசதிகள் செய்யப்படுமானால் அதுவும் ஏற்கத்தக்கது என்று கூடவே விலக்கு அளித்தது. தனியே, ஆனால் சமமாக என்ற பழைய ஏமாற்று, பொதுப்பணத்தின் துணையோடு மருத்துவமனைக்குள் நுழைந்தது.

இச்சட்டத்தால் மருத்துவமனையே கண்டிராத ஏழை ஊர்கள் மருத்துவமனை பெற்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தெற்கில் அந்தப் பணத்தில் வெள்ளையருக்கென ஒன்றும் கறுப்பினத்தவருக்கென ஒன்றுமாகக் கட்டடங்களும் படுக்கைப் பிரிவுகளும் எழுந்தன. கறுப்பின மருத்துவரின் நிலையோ இன்னும் கொடியது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தில் சேர உள்ளூர்ச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கவேண்டும். தெற்கின் உள்ளூர்ச் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்கமாட்டா. அந்த உறுப்பினர் தகுதி இல்லாதவரைப் பல மருத்துவமனைகள் உள்ளே பணிசெய்ய விடுவதில்லை. தாம் பார்த்துவந்த நோயாளி மருத்துவமனையில் சேர்ந்ததும், அவரை வேறொருவர் கையில் விட்டுவிட்டு வாசலிலேயே திரும்பவேண்டிய நிலை அவர்களுக்கு இருந்தது. இந்த விலக்கலின் விளைவாகவே 1895இல் கறுப்பின மருத்துவர்கள் தேசிய மருத்துவச் சங்கத்தைத் தனியே நிறுவியிருந்தார்கள்.

ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் பேராசிரியரான மான்டேகு காப், 1946இல் கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் சார்பில் செனட் குழுவின் முன் சென்று, நாடளாவிய மருத்துவத் திட்டத்தை ஆதரித்துச் சாட்சியம் அளித்தார். வெள்ளை மருத்துவர்களின் சங்கம் எதிர்த்த திட்டத்துக்கு ஒடுக்கப்பட்டோரின் மருத்துவர் ஒருவர் துணைநின்றார். மருத்துவரின் சுதந்திரம் பறிபோகிறது என்ற கூக்குரல், அந்தச் சுதந்திரத்தை ஒருநாளும் நுகராதவர்களின் காதில் வேறுவிதமாகவே விழுந்திருக்கும்.

1948: இரண்டு கேள்விகள், ஒரு வேட்பாளர்

1946 பிப்ரவரியில், படையிலிருந்து விடுவிக்கப்பட்டுச் சீருடையோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஐசக் உட்டார்டு என்னும் கறுப்பின வீரரைத் தெற்குக் கரோலினாவில் காவல்துறைத் தலைவர் ஒருவர் அடித்துக் கண்களைக் குருடாக்கினார். வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த நடுவர் குழு அந்த அதிகாரியை விடுவித்தது. இந்நிகழ்வு ட்ரூமனை உலுக்கியது. அவ்வாண்டு இறுதியில் குடிமை உரிமைகளுக்கான குழு ஒன்றை அமைத்தார். 1947 அக்டோபரில் வந்த அதன் அறிக்கை, பிரித்து வைக்கும் முறை ஒழியவேண்டும் என்றது. அதன் அடிப்படையில் 1948 பிப்ரவரி 2 அன்று குடிமை உரிமைகள் பற்றித் தனிச் செய்தியொன்றை ட்ரூமன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்.

அவருடைய கட்சி பிளந்தது. 1948 ஜூலையில் பிலடெல்பியாவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாடு குடிமை உரிமைகளுக்கு ஆதரவான தீர்மானத்தை ஏற்றதும், தென்மாநிலப் பேராளர்களில் ஒரு பகுதியினர் வெளியேறினர். அவர்கள் ஸ்ட்ராம் தர்மண்டை வேட்பாளராக்கித் தொடங்கிய கட்சியின் பெயர் மாநில உரிமைக் கட்சி. தமிழ்நாட்டில் மாநில உரிமை என்பது ஆதிக்கத்தை எதிர்க்கும் முழக்கமாகவே நம் காதில் விழுகிறது. அங்கே அந்தக் கட்சி காக்க நினைத்தது, கறுப்பின மக்களைப் பிரித்து வைக்கும் உரிமையை. ஒரு முழக்கத்தை யார், எதற்காக எழுப்புகிறார்கள் என்று பார்த்தே அதை எடைபோட வேண்டும்.

இடப்பக்கத்தில் முற்போக்குக் கட்சியின் ஹென்றி வாலஸ் நின்றார். தெற்கில் பிரித்து உட்காரவைக்கப்பட்ட கூட்டங்களில் பேச மறுத்தவர் அவர். அதற்காக முட்டையும் தக்காளியும் அவர்மீது வீசப்பட்டன. எதிரில் குடியரசுக் கட்சியின் தாமஸ் டூயி. வெற்றி டூயிக்கே என்று கருத்துக்கணிப்புகள் உறுதி கூறின. ஜூலை 26 அன்று, படைகளில் சமநடத்தையையும் ஒன்றிய அரசுப் பணிகளில் பாகுபாடின்மையையும் அறிவிக்கும் இரண்டு ஆணைகளில் ட்ரூமன் கையெழுத்திட்டார். பிறகு தொடர்வண்டியில் ஊர் ஊராகச் சென்று, மருத்துவக் காப்பீட்டை முடக்கிய நாடாளுமன்றத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். அக்டோபர் இறுதியில் நியூயார்க்கின் ஹார்லெமுக்குச் சென்று கறுப்பின மக்களிடையே பேசினார்.

ட்ரூமன் வென்றார். அவருக்குத் தேர்வாளர் வாக்குகள் 303, டூயிக்கு 189, தர்மண்டுக்கு 39. ஓஹையோவில் சுமார் 7,000, கலிபோர்னியாவில் சுமார் 18,000, இல்லினாயில் சுமார் 33,600 என்ற குறுகிய வேறுபாடுகளில் அம்மாநிலங்கள் அவர் பக்கம் வந்தன. தெற்கின் கொடுமையிலிருந்து வெளியேறி வடக்கு, மேற்கு நகரங்களில் குடியேறிய கறுப்பின மக்களின் வாக்குகள் இந்த மூன்று மாநிலங்களிலும் முடிவைத் தீர்மானிக்கும் வலிமை கொண்டிருந்தன.

இருபத்தைந்து டாலர்

தேர்தல் முடிந்த மறுமாதமே அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் சிறப்புக் கட்டணம் திரட்ட முடிவெடுத்தது. கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்னும் விளம்பர இணையரை அமர்த்தியது. 1945இல் கலிபோர்னியாவில் ஆளுநர் ஏர்ல் வாரன் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டைத் தோற்கடித்த கை அவர்களுடையது. 1949இல் மட்டும் சுமார் 15 இலட்சம் டாலர் செலவிடப்பட்டது. நோயுற்ற குழந்தையின் அருகில் கவலையோடு அமர்ந்திருக்கும் மருத்துவரின் புகழ்பெற்ற ஓவியத்தை அச்சிட்டு, இந்த உறவுக்கிடையே அரசியல்வாதி நுழையலாமா என்ற பொருள்படும் சுவரொட்டிகளை மருத்துவர்களின் அறைகளில் ஒட்டினார்கள். 1948 ஜூலையில் பிரிட்டன் தொடங்கியிருந்த தேசிய மருத்துவச் சேவையைப் பூச்சாண்டியாகக் காட்டினார்கள். திட்டத்தை ஆதரிப்பவர் கம்யூனிஸ்ட் என்ற ஐயத்தைப் பரப்பினார்கள்.

அந்த ஐயம் வேரூன்ற மண்ணைப் பண்படுத்தியதில் ட்ரூமனுக்கும் பங்கு உண்டு. 1947இல் அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் ஆணையைப் பிறப்பித்தவர் அவரே. கம்யூனிஸ அச்சத்தை அரசே வளர்த்தபின், அதே அச்சம் அவருடைய மருத்துவத் திட்டத்தின்மீது திருப்பப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் விளம்பரம் மட்டுமே திட்டத்தைக் கொன்றுவிடவில்லை. நாடாளுமன்றக் குழுக்களின் தலைமை அப்போது பணிமூப்பின்படி அமைந்தது. கறுப்பின மக்கள் வாக்களிக்க முடியாத தென்மாநிலங்களிலிருந்து எதிர்ப்பின்றி மீண்டும் மீண்டும் தேர்வானவர்களே மூப்பில் முந்தியிருந்தார்கள். மருத்துவமனை கட்டும் பணத்தை அவர்கள் விரும்பினார்கள். ஏனென்றால் பிரித்து வைக்கும் அதிகாரம் மாநிலத்திடமே இருந்தது. கூலித் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் ஒரே அட்டையைத் தரும் காப்பீட்டில் அந்த அதிகாரம் கைநழுவும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது என்பதே நம் வாசிப்பு. 1950இல் புளோரிடாவில் மருத்துவக் காப்பீட்டின் தீவிர ஆதரவாளரான செனட் உறுப்பினர் கிளாட் பெப்பரைத் தோற்கடிக்க, மருத்துவர்களின் திரட்சியும் நிறவெறிப் பிரச்சாரமும் ஒரே மேடையில் கைகோத்தன.

காப்பீட்டு மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை. பெருந்தொழிற்சங்கங்கள் முதலாளிகளுடன் ஒப்பந்தம் செய்து தம் உறுப்பினர்களுக்குத் தனியார் காப்பீட்டைப் பெற்றுக்கொண்டன. நிலையான வேலையும் வலுவான சங்கமும் உள்ளவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. பண்ணைக் கூலியும் வீட்டுவேலைப் பெண்ணும் மறுபடியும் வெளியே நின்றார்கள்.

நிபந்தனை வைத்த பணம்

1953இல் ட்ரூமன் பதவியிலிருந்து விலகி இண்டிபென்டன்ஸ் திரும்பினார். அதற்குள் அவருடைய ஆட்சியினர் திட்டத்தை முதியோருக்கான மருத்துவமனைக் காப்பீடாகச் சுருக்கி முன்வைத்திருந்தார்கள். அந்த விதையே பின்னாளில் மெடிகேர் ஆயிற்று. 1965 ஜூலை 30 அன்று லிண்டன் ஜான்சன் அந்நகருக்கே சென்று, ட்ரூமனின் பெயரிலான நூலகத்தில் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதல் அட்டை ட்ரூமனுக்கே வழங்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் ட்ரூமன் முன்னேறவில்லை, பின்னடைந்தார். 1960இல் வடக்குக் கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர்கள் தொடங்கிய உணவக உள்ளிருப்புப் போராட்டங்களை அவர் கண்டித்தார். பின்னணியில் கம்யூனிஸ்டுகள் இருப்பதாகவும் பேசினார். மருத்துவமனைக் கதவுகளைத் திறக்கும் வேலையை அதே கிரீன்ஸ்பரோவின் மக்கள் செய்தார்கள். ஜார்ஜ் சிம்கின்ஸ் என்னும் பல் மருத்துவரும் பிற கறுப்பின மருத்துவர்களும் நோயாளிகளும் சேர்ந்து, ஹில்-பர்ட்டன் பணம் பெற்ற மருத்துவமனைகள் தம்மை விலக்குவதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். 1963இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டத்தின் அந்தப் பிரித்து வைக்கும் விலக்கு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 1964இல் உச்சநீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. அவ்வாண்டில் வந்த குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு, ஒன்றிய அரசின் பணம் பெறும் எந்த அமைப்பும் பாகுபாடு காட்டக்கூடாது என்றது.

இவ்விரு சட்டங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. மெடிகேர் பணம் வேண்டும் மருத்துவமனை, பாகுபாடில்லை என்று முதலில் மெய்ப்பிக்க வேண்டும். இதற்கென ஓர் அலுவலகம் நிறுவப்பட்டது. நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் நேரில் சென்று படுக்கை அறைகளையும் பணியாளர் பட்டியலையும் பார்வையிட்டார்கள். மருத்துவமனைகளில் வேலைசெய்த கறுப்பினப் பணியாளர்களும் உள்ளூர் இயக்கத்தினரும் உண்மை நிலவரத்தைத் தெரிவித்தார்கள். 1966 ஜூலை 1 அன்று மெடிகேர் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய சில மாதங்களில் ஏறக்குறைய ஆயிரம் மருத்துவமனைகள் பிரிவினையைக் கைவிட்டன. 1946இல் நிபந்தனையற்றுப் பாய்ந்த பணம் கட்டிய சுவரை, 1966இல் நிபந்தனையோடு வந்த பணம் இடித்தது. ட்ரூமன் 1972 டிசம்பர் 26 அன்று தம் 88ஆம் வயதில் காலமானார். அமெரிக்க மருத்துவச் சங்கம் கறுப்பின மருத்துவர்களை விலக்கிய தன் வரலாற்றுக்காக மன்னிப்புக் கேட்க 2008 வரை காத்திருந்தது.

நமக்கான கேள்வி

ஹில்-பர்ட்டன் சட்டம் வந்த அதே 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படியை அதில் கேட்டிருந்தார். தீண்டப்படாதோரின் நிலைக்கும் கறுப்பின மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையை அவர் அன்றே கண்டிருந்தார். அந்த ஒப்புமையின் தொடர்ச்சியாகவே இந்த வரலாற்றை நாமும் வாசிக்கிறோம்.

தீண்டாமையின் பெயரால் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதை 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் அது, அவமதிப்பு நேர்ந்தபின், நோயுற்ற உடலோடு ஒருவர் காவல்நிலையம் சென்று புகார் அளித்தால் மட்டுமே நகரும் சட்டம். பணம் கைமாறுமுன் மருத்துவமனையே தன் நேர்மையை மெய்ப்பிக்கவேண்டும் என்பது 1966இன் வழி. மெய்ப்பிக்கும் சுமை நோயாளியின் தோளிலிருந்து நிறுவனத்தின் தோளுக்கு மாறியது என்பதே அதன் சிறப்பு.

அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் வழியாக இன்று நம் நாட்டிலும் தனியார் மருத்துவமனைகளுக்குப் பொதுப்பணம் செல்கிறது. அப்பட்டியலில் ஒரு மருத்துவமனையைச் சேர்க்கும்போது, படுக்கைகளின் எண்ணிக்கையோடு சேர்த்து, அங்கே தலித் நோயாளி எப்படி நடத்தப்படுகிறார், தூய்மைப் பணி யார் தலையில் விழுகிறது, தலித் மருத்துவருக்கும் செவிலியருக்கும் என்ன இடம் என்பவற்றையும் நேரில் பார்த்துச் சான்றளிக்கும் முறை வேண்டும் என்று நாம் கேட்கலாம். அதைப் பார்வையிடும் குழுவில் அந்த மக்களே இடம்பெற வேண்டும் என்றும் கேட்கலாம்.

அடுத்த தேர்தலில் எல்லோருக்கும் மருத்துவம் என்று வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் நாம் வைக்கவேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு கோடி ஒதுக்குவீர்கள் என்பதாக இருக்க வேண்டாம். அந்தப் பணத்தை எந்த நிபந்தனையோடு கொடுப்பீர்கள் என்று கேட்போம்.